தார்ப்பாய் போட்ட நெல்

போன வாரம் மானாம்பதியில் திடீர் மழை. டீக்கடையில் ஒதுங்கினேன். கூரையாகக் கட்டியிருந்த பழைய லாரித் தார்ப்பாய் நனைந்து ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், டீ ஆறிப்போனதுதான் மிச்சம். நினைப்பில் நான் பழைய உத்திரமேரூர் லாரி புக்கிங் ஆபீசுக்கே போய்விட்டேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் அங்கே நான் கிளார்க். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். போன் எடுப்பதும் டிரைவர்களிடம் கெஞ்சுவதும்தான் வேலை. ஆடியில் லாரிகள் வாசலில் தூங்கும், சீந்த ஆள் இருக்காது. சித்திரையிலோ நெல்லும் தர்பூசணியும் ஒன்றாக வந்து தொலையும். பழம் அழுகிவிடும் என்று வியாபாரிகள் வாடகையை ஏற்றிக் கேட்பார்கள். நெல் களத்தில் கிடக்கும்.

அதனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். லாரியின் தார்ப்பாயை ஒருவர் வாங்கித் தன் மூட்டைகள்மேல் போட்டுவிட்டால் அந்த லாரி அவருடையது.

இந்த மானாம்பதி ஏழுமலையும் அப்படித்தான் போட்டார். சொந்த நிலம் கிடையாது. நெல் ஆரணி மில்லுக்குப் போனால்தான் குத்தகை கட்டி நிலத்தை வைத்துக்கொள்ள முடியும்.

“தார்ப்பாயே நம்ம கைல கீது சார், லாரி எங்க பூடும்?” என்று சிரித்தார்.

போய்விட்டது. தர்பூசணிக்குத் தார்ப்பாய் வேண்டாம், வைக்கோல் போதும் என்பது எங்கள் யார் மூளைக்கும் எட்டவில்லை. லாரி பழம் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனது. நான் வேறு லாரி தேடினேன். இன்னொரு லாரியின் தார்ப்பாய் கிடக்கிற சரக்கை எந்த டிரைவரும் தொடமாட்டார், அதுவும் வழக்கம்தான். அந்த லாரி திரும்பி வரும் என்று நம்பி ஏழுமலை தார்ப்பாயை எடுக்கவும் இல்லை. தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். “லாரி வந்திச்சா சார்?”

மழைதான் வந்தது. மேலே தார்ப்பாய் காத்தது, அடியில் தண்ணீர் ஓடியது. மூட்டையைப் பிரித்தால் நெல் முளைவிட்டிருந்தது. மில்காரர் வேண்டாம் என்றார். குத்தகை வேறு ஆளுக்குப் போனது.

போன வாரம் டீக்கடையில் மழை விடும்போது, கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அதே ஏழுமலை, தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் தீபாவளி சீசனுக்குப் பார்சல் ஏற்றுகிறாராம்.

“அங்க லாரிங்கோ நம்மளுக்காவ வரிசையா நின்னுக்கினு கீது சார்.”

“தீபாவளி போனப்புறம்?” என்றேன்.

“சீசன் பூட்டா நம்மள இன்னாத்துக்கு வெச்சிக்குவாங்க?”

புக்கிங் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. லாரிகளெல்லாம் கதவு வைத்த பெட்டிகளாகிவிட்டன. அவர் உழுத நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர், பழக்கதோஷம், ஒருதரம் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நனைவதற்கு அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை.