வாடையைச் சோளகம் என்று சொன்ன வாய்

அன்றைக்குக் கடலில் இருந்த ஆட்கள் நாலு பேர். எங்கடை போட்டில் நானும் என்ரை அவரும். எங்களைத் தேடி வந்த போட்டில் நெடுந்தீவுத் தேவன் அண்ணையும் அவரின்ரை மச்சான் குணமும். இவர்களைத் தவிர ஒரு காட்போட் பெட்டிக்குள் ஆறு கோழிக்குஞ்சு. அவ்வளவுதான். ஹெலிகொப்டர் வந்தது என்று சந்தையில் கதைக்கிறார்கள். வைரவர் சத்தியமாக ஹெலிகொப்டர் வரவில்லை.

எங்கடை துறை வைரவரின்ரை மடைக்கு, அந்தப் படையலுக்கு வந்த அடியார்கள் ஒவ்வொருவரும் என்னைக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு தரமும் சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் ஒரேயடியாக எழுதித் தாறன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுறன். கொழும்புத்துறையில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கு. அது பூட்டித்தான் கிடக்கும். மாதத்தில் இருபது நாள் நானும் இவரும் போட்டில்தான் சீவியம். மகள் கலியாணம் கட்டிப் போன பிறகு இவர் மீன்பிடியை விட்டார். போட்டுக்கு மேலே தகரக் கூரை போட்டார். உள்ளுக்கு ஒரு பலகைக் கட்டில் அடித்தார். வாளி, பாய், சவர்க்காரம், சீத்தைத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவு தீவாகப் போவோம். சமையலும் போட்டில்தான், படுக்கையும் போட்டில்தான். தேவன் அண்ணை என்னைக் கண்டால் விடமாட்டார். "வெள்ளைக்காரச் சோடியள் பாய்க்கப்பலிலை உலகம் சுத்துதுகள். எங்கடை கப்பல்காரி வாளி விக்கிறாள்" என்று பகிடி பண்ணுவார்.

ஆனால் நான் பயந்த சாதி. புறப்பட முதல் காஸ் அடுப்பின்ரை பூட்டை மூன்று தரம் பார்ப்பேன். மேகம் கொஞ்சம் கறுத்தால் போட்டைக் கரைக்குத் திருப்பச் சொல்லுவேன். கடல்காரக் குடும்பத்தில் பிறந்தும் எனக்குக் காற்றின்ரை பேர் வாயில் ஒழுங்காக வராது. வடக்கிலிருந்து அடிக்கிறது வாடை, தெற்கிலிருந்து அடிக்கிறது சோளகம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பதட்டம் வந்தால் இரண்டும் மாறிப்போகும். "உம்மடை வாய்க்குள்ளை காத்து நினைச்ச பக்கம் அடிக்கும்" என்று இவர் சிரிப்பார்.

போன தை மாதம், பொங்கல் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. காலமை எட்டு மணிக்கு அனலைதீவில் இருந்து நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டோம். தேவன் அண்ணையின் பெண்சாதி கேட்ட கோழிக்குஞ்சும் போட்டில் இருந்தது. நல்ல வாடை. வெயில். ஒரு குறையும் இல்லை.

பாதி வழி தாண்டியிருப்போம். எஞ்சின் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றது. அறுந்து மிதந்த வலைத் துண்டு ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. இவர் எஞ்சினைத் தூக்கி வைத்து, வெளியே குனிந்து, கத்தியால் வலையை வெட்டினார். ஒரு அலை வந்து போட்டைத் தூக்கிப் போட்டது. அவ்வளவுதான். "அம்மா" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கிறன், இவரின்ரை இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிளந்து கிடக்குது. கத்தி கடலுக்குள் போய்விட்டது.

இரத்தம் அவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விற்கிறதற்கு வைத்திருந்த சீத்தையைக் கிழித்துக் கட்டினேன். வெள்ளைத் துணியை எடுக்கப் பயந்து சிவப்பாகப் பார்த்து எடுத்தேன். அதுவும் நனைந்து ஒழுகியது. மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. இவரின்ரை உதடு வெளிறிப்போச்சு.

"நங்கூரத்தைப் போடும்" என்றார். தூக்கி எறிந்தேன். கயிறு ஓடி ஓடிப் போய் முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. மற்ற முனையைப் போட்டில் கட்டவில்லை. காஸ் பூட்டை மூன்று தரம் பார்க்கிறவள் நான்! இவர் என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு வருது, போகுது. தேவன் அண்ணைக்கு எடுக்கச் சொன்னார். "வாடை தள்ளுது, தெற்காலை போறம் எண்டு சொல்லும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நம்பரை அழுத்த முதல் எங்கடை துறை வைரவரை நினைத்தேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "வைரவா, நான் பிழையாச் சொல்லிப்போடுவன். நீ வந்து சொல்லு" என்றுதான் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

தேவன் அண்ணை எடுத்தார். "என்ன, கப்பல்காரி?" என்றார்.

"அண்ணை, இவருக்குக் கை வெட்டிப் போச்சு! எஞ்சின் இல்லை! அனலைதீவாலை வாற வழியிலை நிக்கிறம். சோளகம் தள்ளுது அண்ணை, சோளகம்!"

கோல் கட். உடனே ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீசு. இந்தியா என்ற சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்தியாக் கம்பனியின் சிக்னல் போனைப் பிடித்துவிட்டது. எல்லை தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு கோல்கூடப் போகவில்லை.

"என்ன சொன்னீர்?" என்று இவர் கேட்டார்.

"சோளகம் தள்ளுது எண்டு..."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "வாடை எண்டெல்லோ சொன்னனான். உவன் இனி வடக்காலை எல்லோ தேடப் போறான்."

அடியார்களே, அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தை நான் இன்னும் தாண்டவில்லை. ஒரு சொல்லால் புருசனைக் கொல்லலாம் என்று நான் அதுவரைக்கும் நினைத்ததில்லை. இவரின்ரை தலையை மடியில் வைத்துக்கொண்டு கைக்கட்டை அமத்திப் பிடித்தபடி இருந்தேன். மிச்சச் சிவப்புச் சீத்தையைத் தடியில் கட்டிக் கூரையில் சொருகினேன். வைரவரை ஏசினேன். ஓம், ஏசினேன். "உன்னைத்தானே சொல்லச் சொன்னனான், இதையா சொன்னாய்?" என்று வாய்விட்டுக் கத்தினேன். இவர் கதைக்கிறதை நிறுத்திவிட்டார். கோழிக்குஞ்சுதான் கத்திக்கொண்டிருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டது. நான் நம்பவில்லை. தகரம் அதிருது என்று நினைத்தேன். பிறகு தேவன் அண்ணையின் நீலப் போட்டைக் கண்டேன். குணம் எங்கடை போட்டுக்குள் பாய்ந்து இவரைத் தூக்கினார்.

"கண்ணைத் திறவடாப்பா! உன்ரை பெண்சாதி என்னட்டை வாளிக்காசு கேட்பாள், நீ இல்லாட்டி ஆர் குறைச்சுத் தாறது?" என்று தேவன் அண்ணை கத்தினார். இவரின்ரை உதடு கொஞ்சம் அசைந்தது.

எங்கடை போட்டைக் கயிற்றில் கொழுவிக்கொண்டு ஓடும்போது தேவன் அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, நீ கெட்டிக்காரி. காத்து வாடை அடிக்குது, நீ சோளகம் எண்டுறாய். அப்ப இவள் காத்தைச் சொல்லேல்லை, நீரோட்டத்தைச் சொல்லுறாள் எண்டு பிடிச்சிட்டன். சாமான் ஏத்தின போட் பாரத்திலை தாழ்ந்து நிக்கும். அது காத்தோடை போகாது, தண்ணியோடை போகும். தண்ணி இண்டைக்குத் தெற்கிலையிருந்து வடக்கை ஓடுது. ஆம்பிளையளே உதைக் கவனிக்கமாட்டாங்கள்."

"அண்ணை, நான் சொன்னது காத்தை" என்றேன். "பிழையாச் சொன்னனான்."

அவர் எஞ்சின் பிடியை விட்டுவிட்டார். போட் ஒரு பக்கம் திரும்பியது. குணம்தான் பாய்ந்து பிடித்தார்.

"அப்ப நீ சரியாச் சொல்லியிருந்தா, நான் தெற்காலை போயிருப்பன்" என்றார் தேவன் அண்ணை. அவரின்ரை குரல் அப்படிச் சின்னதாக வந்ததை நான் முந்திக் கேட்டதில்லை.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பதினேழு தையல். இன்னும் ஒரு அரை மணித்தியாலம் போயிருந்தால் கடினம் என்று டொக்டர் சொன்னவர். இரண்டு விரல் இப்பவும் மரத்துத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கையாலே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தாறார்.

நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். இப்பவும் பயம்தான். எஞ்சின் இருமினால் எனக்கு வேர்க்கும். சிவப்புச் சீத்தை இப்ப விற்கிறதில்லை. ஆனால் முந்தி என்ரை பயத்தை நானே வைத்துக் கொண்டிருந்தேன். இப்ப ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் துறையில் போய் நின்று அதை வைரவரிட்டைக் குடுத்துவிட்டுப் போறன். போன மடைக்கு நூற்றெட்டு வடை மாலை சாத்தினேன். சுடும்போது எண்ணிக்கை மாறி நூற்றுப் பத்து வந்தது. ஐயர் சிரித்தார். வைரவருக்கு என்னைத் தெரியும்.

வடிவாகக் கும்பிடத் தெரியாதவர்களே, தேவாரம் மறந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் எழுதுறன். தெரிந்த மாதிரிக் கேளுங்கோ. பிழையாகக் கேட்டாலும் கேளுங்கோ. நான் ஏசினதையும் அவர் காதில் வாங்கிக்கொண்டுதான் அந்த நீலப் போட்டை வடக்காலே ஓட்டிக்கொண்டு வந்தவர்.

தேவன் அண்ணை அன்றைக்கு எரித்த மண்ணெண்ணெய்க்கும் எங்களுக்கு வாங்கித் தந்த புது நங்கூரத்துக்குமான காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்துக்கொண்டு வந்தோம். போன மாதம் மிச்சத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது கிடக்கட்டும் தங்கச்சி. கடன்காரி எண்டால்தான் நீ கயித்தின்ரை மற்ற முனையைக் கட்டிப்போட்டு, கவனமா இஞ்சை வந்து சேருவாய்."

இன்னும் குடுக்க இருக்கிறது நாலாயிரத்து எழுநூறு ரூபா.