அத்தை பெட்டியோடு இறங்கிய நாள்

காரியம் எதுவும் இல்லாமல் கப்பலேறுகிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதை ஏழு வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த கப்பல்கள் மூன்று வகை. அரிசி ஏற்றிப் போகிறவை. நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றி வருகிறவை. அந்த ஆட்களில் காய்ச்சல் கண்டவர்களையும் கல்யாணம் நிச்சயமானவர்களையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறவை. ஜனங்கள் மேல்தட்டில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடப்பார்கள். கரை கண்டதும்தான் எழுந்து உட்காருவார்கள்.

அப்பா ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் குமாஸ்தா. அந்தத் தை மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன செய்தியை அம்மா நம்பவில்லை. சீமையில் வடக்கே கிளாஸ்கோ என்று ஒரு துறைமுகம். குளிர்காலத்தில் அங்கே சூரியன், பெரிய அதிகாரி ஆபீசுக்கு வருவதுபோலத் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும். அதனால் வசதியுள்ளவர்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறிக்கொண்டு, வெயிலடிக்கும் ஊர்களாகப் பார்த்து நின்று நின்று போய், குளிர் விட்டதும் ஏறின துறையிலேயே இறங்கிக்கொள்வார்களாம்.

"சரக்கு இல்ல, சாமி கும்புடப் போகல, பொழைக்கவும் போகல. ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்கு ஒரு கப்பலு?" என்று அம்மா கேட்டாள்.  அந்தக் கப்பலில்தான் அத்தை வருகிறாள் என்று மட்டும் அப்பா சொன்னார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். துரை குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியபோது வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளையும் அழைத்துப் போனார்கள். ஆறு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அங்கே இறங்கியதும் குழந்தைகளுக்கு வெள்ளைக்கார ஆயா கிடைத்துவிட்டாள். அத்தையை அனுப்பத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு குளிர்காலம் அந்த ஊரில் வீடு வீடாக வேலை பார்த்தாள். கடைசியில், இருமல்காரத் துரைசானிக் கிழவி ஒருத்தி இந்தக் குளிர்காலக் கப்பலில் தனக்குத் துணைக்கு ஆள் தேட, ரங்கூன் வந்ததும் இறங்கிக்கொள்ளலாம் என்ற உறுதியின் பேரில் அத்தை அவளோடு ஏறிவிட்டாள்.

இதெல்லாம் முன்னால் வந்த வேறொரு கப்பலின் மாலுமி, அங்கே அத்தையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அவன் இன்னொன்றும் சொன்னான். இறங்க மனமில்லை என்றால் தன்னோடே திரும்பி வந்து கடைசிவரை தன் வீட்டில் இருக்கலாம் என்று கிழவி சொல்லியிருக்கிறாளாம். அதைக் கேட்ட அன்று மாமா ரசம் ஊற்றிக்கொள்ளாமலே கையைக் கழுவிவிட்டார்.

மாமா அத்தையின் கணவர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். நாளெல்லாம் விசிலுக்கும் கைஜாடைக்கும் பதில் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, வாயைத் திறப்பது அபூர்வம். அத்தை போனதிலிருந்து சாப்பாடு எங்கள் வீட்டில். தூங்குவதற்கு மட்டும் அதே மாடியிலிருந்த தங்கள் அறைக்குப் போய்விடுவார்.

அத்தையைப் பற்றி எனக்கு நினைவிருந்தது அவளுடைய முடி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாடி வராந்தாவில் நின்று காயவைப்பாள். கம்பிக்கு வெளியே அதைத் தொங்கவிட்டால் கீழ்வீட்டு வாசலை எட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். எட்டாது. ஆனாலும் அவளை ஒருமுறை பார்த்திருந்தவர்கள்கூட நம்பினார்கள்.

கப்பல் நடு ஆற்றில் நங்கூரம் போட்டிருந்தது. பிரயாணிகளை நீராவிப் படகில் படகுத்துறைக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா ஒரு கையில் ஆரத்தித் தட்டும் மறுகையில் வாழையிலைப் பொட்டலமுமாக நின்றாள். பொட்டலத்தில் அத்தையின் சடைக்கென்று கட்டிய நீளமான பூச்சரம். கடல் தாண்டி வந்தவளைத் துறையிலேயே சுற்றிப்போட்டு, பூ வைத்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

முதல் படகுகளில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் மூக்கு மட்டும் தனியாகச் சிவந்திருந்தது. கைவீசித்தான் வந்தார்கள், மிஞ்சினால் ஒரு குடை, ஒரு காமிரா. பகோடாவையும் மரக்கிடங்கில் கட்டை அடுக்கும் யானைகளையும் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பப் போகிறவர்கள். கடைசிப் படகில் அத்தை வந்தாள். புடவைக்கு மேல் முழங்கால் வரை ஒரு கம்பளிச் சட்டை, காலில் பூட்ஸ், காது வரை இழுத்துவிட்ட தொப்பி. அவளுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.

அண்ணன் காலில் விழுவதற்காக அத்தை தொப்பியைக் கழற்றினாள்.

கழுத்தில் முடி இல்லை. முதுகில் இல்லை. காதுக்குக் கொஞ்சம் கீழே, கத்தரித்த கோரைப்புல் மாதிரி நின்றுவிட்டிருந்தது. அம்மாவின் தட்டு சரிந்து ஆரத்தித் தண்ணீர் என் பாவாடையெல்லாம் சிவப்பாக வழிந்தது. அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. அவள் கண் அத்தையின் கழுத்துக்குப் போயிற்று; தாலி இருந்தது. உடனே மாமாவின் பக்கம் திரும்பியது, அவரும் இருந்தார். இருக்கக்கூடாதவர் இருப்பதைப் பார்ப்பதுபோல அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எங்கள் ஜனங்களில் புருஷன் செத்தால்தான் பெண்பிள்ளையின் முடி போகும். ஏழு வயதில் எனக்கே அது தெரியும். மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் சும்மாட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் பக்கத்தில் வந்து, "பாவம், புருசன் எப்பத் தவறுனாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றார் மாமா.

பிறகு அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பெட்டி முழுசும் எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன். கப்பல்ல ஒண்ணும் வைக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்தவள் தலையில்லாத குறையாக நிற்கிறாள், இந்த மனிதருக்குப் பெட்டியில் கண். சீமைச் சாமான் எவ்வளவு வந்திருக்கிறது என்ற கவலை. நானும் அந்தப் பெட்டியைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தவள்தான். என்றாலும் நான் வாய்விட்டுக் கேட்கவில்லையே.

 யார் இப்படிச் செய்தது என்று அப்பா கேட்டார். அடித்து வெட்டினார்களா, தூங்கும்போது வெட்டினார்களா என்று அவரே வழிகளையும் எடுத்துக்கொடுத்தார். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தையின் கஷ்டம் பாதி தீர்ந்திருக்கும்.

"அங்க வெயிலு இல்லண்ணே," என்றாள் அத்தை. "ஒருநா குளிச்சா வாரம் பூரா ஈரம். பின்னி வச்சா உள்ளுக்குள்ள நாறுது. நெஞ்சுல சளி கட்டிப் படுத்துட்டேன். பக்கத்து ரூம்புக்காரிகிட்ட கத்திரி இருந்துச்சு. நான்தான் வெட்டச் சொன்னேன்."

'நான்தான்' என்ற சொல்தான் அப்பாவைத் தாக்கியது. இந்தத் தலையோடு படியேறக் கூடாது என்றார். புருஷன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது இப்படி ஒருத்தியை வீட்டுக்குள் விட்டால் நாளைக்குத் தெருவில் எவன் வாசலில் நிற்பான் என்று கேட்டார். கப்பல் மறுநாள் சாயங்காலம்தானே போகிறது, முடி வளர்கிறவரை அந்தக் கிழவியோடேயே இருந்துவிட்டு வரட்டும் என்றார். ஏறின இடத்திலேயே இறங்கும் அந்தப் பிரயாணத்துக்கு அப்பாவுக்கு அப்போது ஒரு காரியம் கிடைத்துவிட்டது.

அத்தை அழவில்லை. பெட்டியைத் தூக்கி வந்த ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் இன்னும் போகவில்லை, படகும் போகவில்லை.

அப்போதுதான் மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"வேண்டுதல் மச்சான். இவ நல்லபடியா வந்து சேந்தா ரெண்டு பேரும் முடி குடுக்குறதா முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோயில்லல்ல குடுக்கணும் மாப்ளே? கப்பல்லயா குடுப்பாங்க?"

"பாதி அங்க. மீதி இங்க."

சும்மாடுக்காரர் 'முருகா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி பெயர் வந்த பிறகு அப்பா என்ன செய்ய முடியும்? அதோடு அவர் வாழ்நாளில் மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அதுவே ஒரு சாட்சி மாதிரி ஆகிவிட்டது. முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்னை மறந்துவிட்டார்கள்.

ஆகவே நானும் கைவண்டியில் பெட்டிமேல் உட்கார்ந்து கோயிலுக்குப் போனேன். வண்டிக்கு ஒருபக்கம் மாமா, மறுபக்கம் அத்தை.  டல்ஹௌசி தெரு தாண்டியதும் அத்தை மெதுவாகச் சொன்னாள், "சாமி பேருல பொய் சொல்லிட்டீங்க."

"சாமிக்குத் தெரியும்," என்றார் மாமா. "ஒங்கண்ணனுக்குத்தான் தெரியாது."

பெட்டியிலிருந்து விழுந்துவிடுவேன்போல் இருந்தது. பெரியவர்கள் பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் கோயிலுக்குப் போகிற வழியிலேயே, சாமியிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்பது புதிது.

நாவிதர் முதலில் மாமாவை உட்கார வைத்தார். மீசையையும் எடுத்துவிடச் சொன்னார் மாமா. நீர் தெளித்து வழித்ததும் தெரியாத யாரோ ஒருவர் எழுந்து நின்றார். பிறகு அத்தை உட்கார்ந்தாள். நாவிதர் அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெள்ளக்காரனே பாதி வேலய முடிச்சிட்டானேம்மா, எங்க பொழப்புலயும் கைய வச்சுட்டானா?" என்றார். அத்தை சிரித்தாள். கப்பலிலிருந்து இறங்கியபின் அப்போதுதான் சிரித்தாள். கத்தி படுவதற்கு முன் இரண்டு கையாலும் அந்தக் குட்டை முடியை ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டாள்.

"இது எனக்குப் புடிச்சிருந்துச்சு பாப்பா," என்று என்னிடம் சொன்னாள். "தலையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்."

இனி ஒன்றுமே இருக்காதே, இன்னும் நன்றாக இருக்குமே என்றேன். அவள் நாவிதருக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

சந்தனம் பூசின இரண்டு மொட்டைத் தலைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. முதலில் பார்த்தது கீழ்வீட்டுப் பர்மியப் பெண்மணி. அமா என்று கூப்பிடுவோம். அவர்கள் வழக்கத்தில் தலையை மழித்த பெண் என்றால் ஒரே அர்த்தம்தான், துறவறம் பூண்டவள். அமா படியிலேயே மண்டியிட்டு அத்தையை நோக்கிக் கைகூப்பி நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். பிறகு உள்ளே ஓடி ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து நீட்டினாள். அத்தை மாமாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்க," என்றார் மாமா. "சோறுதானே."

காலையில் படியேறக் கூடாதென்று சொல்லப்பட்ட ஒருத்தியை மதியம் தெருவே கும்பிடுகிறது. அப்பா மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாக அரைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அம்மா புதிதாக ஆரத்தி கரைத்து இரண்டு மொட்டைகளையும் சுற்றினாள். பூச்சரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு என் தலையில் வைத்தாள்.

மறுநாள் அத்தையின் அறையில் பெட்டியைத் திறந்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சீசாக்களுக்குச் சீட்டு ஒட்டும் எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் திருப்தி. அந்தப் பெட்டியிலிருந்து வந்தவற்றை வந்த வரிசையிலேயே இன்றும் சொல்ல முடியும். கம்பளிக் காலுறைகள், முழங்கையில் ஒட்டுப்போட்ட ரவிக்கைகள், இங்கிருந்து கொண்டுபோன அதே இரண்டு புடவைகள், ஒரு தேய்ந்த அகப்பை, மஞ்சள் முடிந்த துணி, காலியான எண்ணெய்ச் சீசா, உடைந்த சீப்பு. அவ்வளவுதான். பொம்மை இல்லை, மிட்டாய் இல்லை. பெட்டியின் அடியைக்கூடக் கையால் தடவிப் பார்த்தேன்.

மாமா ஏமாந்து போயிருப்பார், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொன்றாக எடுத்து, புடவைகளைக் கொடியில் போட்டார். அகப்பையைச் சுவரில் மாட்டினார். உடைந்த சீப்பை, மொட்டைத் தலையோடு, கண்ணாடி மாடத்தில் பத்திரமாக வைத்தார்.

சாயங்காலம் ஆற்றில் சங்கு ஊதியது. கிழத்துரைசானியின் கப்பல் புறப்படுகிறது. தெருப் பிள்ளைகளெல்லாம் கரைக்கு ஓடினார்கள். என்னோடு வருகிறார்களா என்று கேட்க அத்தையின் அறைக்கு ஓடினேன். அத்தை அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, திருப்புளியால் அந்தப் பெட்டியின் கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மூடி தனியாக வந்துவிட்டது. பக்கத்தில் அரிசி மூட்டை தயாராக இருந்தது. அடுத்த சங்கு ஊதுவதற்குள் அதை அவிழ்த்துப் பெட்டிக்குள் கொட்டினார்.

கிளாஸ்கோ வரை போய்வந்த பெட்டி. பித்தளைப் பூட்டு வைத்த பெட்டி. கொஞ்சம் துடைத்திருந்தால் இன்னும் எத்தனையோ பிரயாணத்துக்கு ஆகியிருக்கும். நல்ல சாமானின் அருமை தெரியாத மனிதர் என்று மாமாவின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொன்னேன்.