தரையை அடிக்காத அப்பா

எங்கள் அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அவரை மலாக்கா ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடையில் கஜக்கோலும் கையுமாகப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை மூத்த மகளாகிய நான் எழுத வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டார். எழுத உட்காரும்போதெல்லாம் அழுகை முந்திக்கொண்டது. இன்றுதான் எழுத முடிகிறது.

அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாயைச் சின்ன வயதிலேயே இழந்த அவரை, அவருடைய அக்காதான், அதாவது எங்கள் அத்தைதான், இடுப்பில் சுமந்து வளர்த்தார். வாலிபத்தில் மலாக்காவுக்கு வந்து துணிக்கடையில் சேர்ந்தார். அம்மாவை மணந்து காஜா பேராங்கில் குடியேறினார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்குதான் எங்களுக்குச் சோறு. அத்தையின் கணவர் சயாம் ரயில் பாதை போடப் போனவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அத்தை எங்களோடுதான் இருக்கிறார்.

அப்பாவின் பொறுமை கடைத்தெருவுக்கே தெரியும். அலமாரியில் இருக்கும் சேலையை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். துணிக்காரர் புத்தி என்று அம்மா கேலி செய்வார்.

நாடு சுதந்திரம் பெறவிருந்த ஆண்டு அது. கடைக்குட்டி மல்லிகாவுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. வாசற்படியில் உருண்டு நெற்றியைப் பிளந்துகொண்டாள். நம் வீடுகளில் என்ன செய்வோம்? குழந்தையை விழவைத்த தரைக்கு இரண்டு போடுவோம். அத்தையும் போட்டார்.

"இந்தத் தரதானே என் தங்கத்தத் தள்ளிவிட்டுச்சு? இந்தா, வாங்கிக்க! இன்னொண்ணு வாங்கிக்க!"

மல்லிகாவின் அழுகை நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் தரையில் கால் வைக்கவில்லை. இறக்கிவிட்டால், "தர தள்ளிடும்" என்று அலறி யார் கழுத்தையாவது கட்டிக்கொள்வாள். திருநீறு பூசினோம். கயிறு மந்திரித்துக் கட்டினோம். டாக்டரும் காலைத் தட்டிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நாடே சொந்தக் கால்ல நிக்கப்போவுது, எம்மவ தரையில நிக்க மாட்டேங்குறா" என்று வருகிறவர்களிடம் வேடிக்கைபோலத்தான் சொல்வார். உள்ளே அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சீன வாத்தியார் ஒருவர், காலியாகக் கிடந்த கிடங்கில் மெத்தை விரித்து, ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மல்லிகாவைச் சேர்க்கலாமா என்று அப்பா கேட்டார். வீட்டில் பெரிய ரகளையே ஆகிவிட்டது.

"பொம்பளப் புள்ளையக் குட்டிக்கரணம் போட அனுப்புறியா தம்பி? சர்க்கஸ்காரின்னு ஊரே சிரிக்கும்" என்றார் அத்தை.

"இன்னும் ஜட்டிகூட ஒழுங்காப் போடத் தெரியல. இந்த வயசுல இது என்னத்தங்க கத்துக்கப்போவுது? கைய கால ஒடிச்சுக்கிட்டா?" என்றார் அம்மா.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா மறுத்துப் பேசவில்லை. "போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

போனவர் முதலில் மெத்தையைத்தான் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாராம். பிறகு வாத்தியாரிடம் மலாய் மொழியில் அம்மாவின் கேள்வியையே கேட்டிருக்கிறார். இந்த வயதில் வித்தை ஒன்றும் வராது, அழுதால் கட்டாயப்படுத்த மாட்டேன், முதலில் சொல்லித்தருவது எப்படி விழுவது என்பதைத்தான் என்றாராம் வாத்தியார். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உருள வேண்டும், அப்போது தலையில் அடிபடாது.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: "வித்த காட்டவா அனுப்புறோம்? விழக் கத்துக்கட்டும் அக்கா. நாம எத்தன நாளைக்குத் தரைய அடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

அத்தை கோபித்துக்கொண்டு சில நாள் அவரோடு பேசவில்லை.

ஆரம்பத்தில் மல்லிகா அப்பாவின் தோளை விட்டு இறங்கவே இல்லை. வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்பதே அவருக்கு வேலை. காசுக்குப் பிடித்த கேடு என்று அத்தை முணுமுணுத்தார். ஒரு ஞாயிறு, அப்பா அவளைக் கூடப் போயிருந்த என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே மெத்தையில் உருண்டார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தாள். சிரித்தபடியே என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அவரிடம் ஓடினாள். அப்பா மெத்தையில் உட்கார்ந்தபடியே அழுதார்.

பிறகு தினமும் மாலையில் கூடத்துப் பாயில் இருவருக்கும் அதே விளையாட்டுதான். "தாட எங்க?" என்பார் அப்பா. "நெஞ்சுல!" என்று கத்திக்கொண்டே உருள்வாள் அவள். மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள்.

அடுத்த ஆண்டு தீபாவளி நெருக்கத்தில், மேல்தட்டுத் துணியை எடுக்க ஏணியில் ஏறிய அப்பா, தவறி சிமெண்டுத் தரையில் விழுந்தார். தலையில் பட்ட அடி. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவே இல்லை.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அத்தை இரண்டு கையாலும் தரையை அறைந்து, "பாவி தரையே, நான் வளத்த புள்ளையத் தள்ளிட்டியே" என்று கதறினார். மல்லிகா கூட்டத்துக்குள் நுழைந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க அத்தே. தர தள்ளல. அப்பாதான் தாடைய நெஞ்சுல வைக்க மறந்துட்டாரு."

அத்தையின் கை அப்படியே நின்றது. அதன்பின் அவர் தரையை அடிக்கவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய கடைத் தோழர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், உஜோங் பாசிரிலிருந்து தினமும் வந்து அம்மாவுக்குத் துணையிருந்த உறவினர்களுக்கும், அன்று எங்கள் வாசலில் தலைகுனிந்து நின்ற வாத்தியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தைக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். இருந்தாலும் சொல்கிறேன். இப்போது ஞாயிறு காலையில் மல்லிகாவை வகுப்புக்கு அழைத்துப் போவது அவர்தான். அப்பா நின்ற அதே வாசலில் நிற்கிறார். மல்லிகா நன்றாகவே உருள்கிறாள். உருண்டு எழுந்ததும் வாசலைப் பார்க்கிறாள். அத்தைக்குப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை உருள்கிறாள்.