தண்ணீர்த் தொட்டியடி நீலக் கார்

தெருவில் நின்றிருக்கும் வண்டிகளைத் தாண்டும்போதெல்லாம் என் அம்மாவின் உதடுகள் அசையும். சின்ன வயதில் அதைப் பிரார்த்தனை என்று நினைத்திருந்தேன். எண்கள் படிக்கக் கற்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் வண்டி எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு வண்டி வந்தால், சொந்தக்காரருக்கு அடுத்தபடியாக அதன் எண் அம்மாவுக்குத்தான் மனப்பாடமாகும்.

அம்மா ஒரு சலவை ஆலையில் டிரைவர். மருத்துவமனைகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை ஏற்றி வருவாள். வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இருபத்தாறு வருடமும் அதே நான்காம் நம்பர் வேன். அதன் கதவுக்குக் கீழே ஒரு குத்து, மேலே ஒரு தூக்கு கொடுத்தால்தான் திறக்கும். வேறு யாருக்கும் திறந்ததில்லை. அப்பா கேன்டீன் சமையல்காரர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "எங்க வீட்டுல ஸ்டியரிங் அவ கையில, கரண்டி என் கையில" என்பார்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். லைசென்ஸ் வாங்கிய காலத்தில் எழுத்துத் தேர்வுக்கு நாற்பது கேள்விகள், எப்போதும் ஒரே வரிசையில். பக்கத்து வீட்டு அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, விடைகளை மட்டும் நெட்டுருப் போட்டாள். முப்பத்தொன்றாம் கேள்விக்கு விடை 'ஆ'. ஏன் 'ஆ' என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் பட்டத்தில் பாதி இப்படி வந்ததுதான் என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

லைசென்ஸை வாங்குவது ஒரு கஷ்டம் என்றால் வைத்துக்கொள்வது இன்னொன்று. ஐம்பது வயதானதும் பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் அலுவலக வாசலில் நின்று, இருபது மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வண்டியின் எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும். எந்த வண்டி என்பது ஆய்வாளர் இஷ்டம். அந்த ஆய்வாளரோ எப்போதும் தன் காரையே காட்டுவார். தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கும் நீலக் கார்.

இதை அம்மாவுக்குச் சொன்னவர் அந்த அலுவலகத்தின் வாசல் காவலாளி. சும்மா சொல்லவில்லை. இளவயதில் அவர் ஆற்றுப் பாலத்துக்குக் கம்பி கட்டியவர். பாலம் திறந்த பிறகு ஒருமுறைகூட அதன்மேல் போனதில்லை. பஸ் அந்த வழி போகாது.

"உன் வண்டியில முன்சீட்டுல உக்காந்து ஒரு தடவை அதுமேல போகணும்மா. நான் கட்டின கம்பி தாங்குதான்னு பாக்கணும்."

"லைசென்ஸ் கைக்கு வரட்டும் அண்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமையே போறோம்."

லைசென்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஞாயிறன்று வேன் ஆலைக்குள் பூட்டிக் கிடக்கும் என்பது இருவருக்கும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் கழித்து மறுபடி அதே கார், அதே எண், அதே வாக்கு.

மூன்றாம் தடவை புதுப்பிக்கும்போது அம்மாவுக்கு வலக் கண்ணில் புரை. எங்கள் சொந்தத்தில் எந்த ஃபாரம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ஒன்பதாம் கேள்வி, 'சென்ற முறைக்குப் பிறகு பார்வையில் மாற்றம் உண்டா?' பொய் சொன்னால் இரண்டு வருடத் தடை என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

"இல்லைன்னு போடு."

"டாக்டர் புரைன்னு சொல்லிட்டாரேம்மா."

"டாக்டரைக் கேட்டா புரை. என்னைக் கேட்டா லேசா மூட்டம். ஃபாரம் யாரைக் கேக்குது?"

அப்பா வெங்காயம் நறுக்கியபடியே, "படிச்சவளைக் கேட்டா சட்டம் பேசுவா. படிக்காத என்னைக் கேளு. பேசாம ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றார்.

"மூணு மாசம் வண்டியைத் தொடக் கூடாதாம். அதுக்குள்ள நாலாம் நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அவனுக்கு அந்தக் கதவு திறக்குமா?"

'இல்லை' என்று எழுதினேன். நிரப்பியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பட்டத்தையும் சேர்த்தேன். பட்டத்தை யாரும் கேட்கவில்லை. அவளுடைய வண்டிக்கு வலப்பக்கமாக யாரெல்லாம் சாலையைக் கடப்பார்கள் என்று யோசித்தேன். எழுதி முடித்த பிறகு.

சோதனையன்று ஆய்வாளர் வாசலுக்கு வந்தார். "அந்தத் தொட்டிகிட்ட நிக்கிற கார். நம்பர் சொல்லுங்க."

"நாலு ஏழு ஒண்ணு எட்டு."

அவர் ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"ரொம்ப சரி. ஆனா அந்தக் காரைப் போன மாசம் என் மச்சானுக்குக் குடுத்துட்டேன். இது வெள்ளைக் கார்."

அம்மாவின் இடக் கண்ணுக்கு நீலமும் வெள்ளையும் நன்றாகவே தெரியும். அவள் பார்க்கவே இல்லை. ஒப்பிக்கிறவர்கள் பார்ப்பதில்லை. நானும் எந்தத் தேர்விலும் கேள்வியை முழுதாகப் படித்ததில்லை. முழங்கால் வலிக்காக ஒரு மாதம் விடுப்பிலிருந்த காவலாளி அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாரம் நிரப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"பட்டம்லாம் போட்டிருக்கீங்க. ஒன்பதாவது கேள்வியைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

படித்தேன்.

"நான் சொல்லித்தான் எழுதினா. அவளை விட்டுடுங்க" என்றாள் அம்மா.

ஆய்வாளர் ஃபாரத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "இன்னும் முத்திரை குத்தல. குத்துறதுக்கு முன்னாடி மாத்தினா திருத்தம். அப்புறம்னா வழக்கு."

அம்மா அப்போதுதான் தொட்டியடியைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடியும் பார்த்தாள்.

"வெள்ளையாதான் இருக்கு. ஆமான்னே போடு" என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று அவள் முதலில் பார்த்தது அப்பாவை. "எப்பங்க இவ்ளோ நரைச்சீங்க?"

"நீ வண்டி நம்பர் பாத்துக்கிட்டிருந்தப்ப."

பிறகு இடக் கண்ணுக்கும் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஒரு வருடம் காலாவதியான லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்காம் நம்பர் ஓர் இளைஞனுக்குப் போயிற்று. ஆலை கதவை மாற்றிக் கொடுத்தது. அம்மாவைத் துணி மடிக்கும் பிரிவில் போட்டார்கள்.

இப்போது எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். கேள்விகள் ஆளுக்கு ஒரு வரிசையில் வருகின்றன. இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவதுக்கு நெட்டுருவை விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறாள். "மழை ஆரம்பிக்கிறப்பதான் ரோடு ஜாஸ்தி வழுக்குமாம். நல்லா பெஞ்சப்புறம் இல்லையாமே. ஏன்?" எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன். சாலையில் படிந்த எண்ணெயாம்.

போன வாரம், மூன்றாம் தேர்வுக்குத் தேதி வாங்க அலுவலகத்துக்குப் போனேன். காவலாளிக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை.

"என்னம்மா, உங்க அம்மா என்ன சொல்றாங்க? பாலம் என்னாச்சு?"

"லைசென்ஸ் கைக்கு வரட்டும்னு சொல்லச் சொன்னாங்க."

"எட்டு வருஷமா அதைத்தான் சொல்றாங்க."

வாடகைக் கார் பிடித்து அந்த ஞாயிறே நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாக்கு குடுத்தது நீ இல்லையே" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற ஒரு காருக்காக வாசல் கேட்டைத் திறக்கப் போனார்.