அண்ணன் கட்டிவிட்ட கைக்கடிகாரம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அண்ணன் கனடாவிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கிழமை நின்றார். அப்பாவின் கட்டிலடியில் அவர் இருந்த நேரத்தைவிட ஏணியில் நின்ற நேரம்தான் கூட. ஹோலில் ஒரு கமரா, முன் விறாந்தையில் ஒரு கமரா, அலுமாரிக்கு மேலே வைஃபை பெட்டி. எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவர் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் போன் கடை வைத்திருப்பவர். அண்ணன் வெளிநாடு போன நாளிலிருந்து ஊரில் அவருக்குக் கண்ணும் காதும் அந்த மனிதர்தான்.

அப்பாவின் மணிக்கட்டில் சிம் போட்ட ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டினார்கள். அவர் எங்கே நிற்கிறார், நாடி எப்படித் துடிக்கிறது, விழுந்தாரா என்பதையெல்லாம் அது சொல்லுமாம். மேல்கையில் சீனி வருத்தத்துக்கென்று பொத்தான் மாதிரி ஒரு துண்டை ஒட்டினார்கள். அது இரத்தத்தில் உள்ள சீனியை அளந்து அப்பாவின் பழைய போனுக்குச் சொல்லும். போன் அதைக் கனடாவுக்கு அனுப்பும்.

"என்ட போனிலயும் அதைப் போட்டுத் தாங்களன்" என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு? படிப்பிக்கிற நேரம் போனைப் பாத்துக்கொண்டா இருக்கப்போறாய்? நான் பாத்துக்கொள்றன். இனி நீ பயப்படத் தேவையில்ல" என்றார்.

நான் பயப்படுகிறேன் என்று அவருக்கு யார் சொன்னது? அம்மா போனபிறகு அந்த வீட்டில் அப்பாவும் நானும்தான். அவருடைய மாத்திரை, சாப்பாடு, கிளினிக் எல்லாம் என் கையில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அண்ணன் புறப்படுகிற அவசரத்தில் இருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து சத்தம் வந்தது.

"தங்கச்சி, அவ்வளவு சோறா? பாதியை எடு."

கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. கமராவுக்குள் ஸ்பீக்கரும் இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் வீட்டு ஹோலில் நான் தலைமுடியை விரித்துவிட்டு இருந்ததில்லை. ஹவுஸ்கோட்டோடு வெளியே வந்ததில்லை. தொண்டைக்குள் ஏதாவது முணுமுணுத்தால்கூட "என்ன சொல்றாய்?" என்று கேட்கும். ஒருநாள் கோபத்தில் கமராவின் மேல் துவாயைப் போட்டேன். ஐந்து நிமிடம் போகவில்லை, போன் கடைக்காரர் கேற்றடியில் வந்து நின்றார். "கமரா இருட்டா இருக்காம் டீச்சர். அண்ணன் பாக்கச் சொன்னவர்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, துவாயை எடுத்து என் கையிலேயே தந்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பள்ளிக்கூடம் போகிற நேரம் அப்பாவை எட்டிப் பார்ப்பது பக்கத்து வளவில் இருக்கும் தங்கமான ஒரு பெண். அவளுடைய புருஷன் ஆற்றில் வலை போடுகிறவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பத்து மணிக்கு அவள் தேத்தண்ணியும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பாவோடு கொஞ்சம் கதைத்துவிட்டுப் போவாள். நான் கேட்டு அல்ல, தானாகவே. ஒருநாள் அவள் ஹோலுக்குள் கால் வைத்ததும் சுவர் கத்தியதாம்: "ஆர் நீங்க? வீட்டுக்காரர் இல்லாத நேரம் ஏன் உள்ள வாறீங்க?" பாவம், தட்டோடு திரும்பி ஓடிவிட்டாள். பின்னேரம் வந்து என்னிடம், "டீச்சர், இனி நான் கேற்றடியில வச்சிட்டுப் போறன். குறை நினைக்காதீங்க" என்றாள். முகம் சிவந்து, கண் நிறைந்திருந்தது.

அண்ணனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "எனக்கு ஆளைத் தெரியாதே. பாதுகாப்புக்குத்தானே கேட்டனான்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வரவில்லை.

அப்பா லொறி ஓட்டியவர். கொழும்புப் பாதையில் நாற்பது வருடம் தன்னந்தனியாகப் போய்வந்த மனிதர். வாதம் வந்து நாக்குக் கொஞ்சம் குழறியதே தவிர, புத்தி குழம்பவில்லை. சில பெயர்கள் மறந்துபோகும், அவ்வளவுதான். அண்ணனோ குழந்தையோடு கதைப்பதுபோலக் கதைப்பார். "அப்பா, ஏன் நடக்கிறீங்க? இரிங்க. அப்பா, நாடி கூடுது, இரிங்க." அப்பா கதிரையைத் திருப்பிப் போட்டு, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கத் தொடங்கினார். அதற்கும் போன் வந்தது. "அப்பாட மனநிலை சரியில்லப்போல. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். டொக்டரிட்டக் கொண்டு காட்டு."

ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. ஒரு விடியப்புறம் அண்ணன் போன் எடுத்து என்னை எழுப்பினார். அப்பாவின் சீனி கீழே போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா வேர்வையில் நனைந்து, கூப்பிட்டதுக்கு உணர்வில்லாமல் கிடந்தார். சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டுத்தான் ஆளை எழுப்பினேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அண்ணனோடு எந்த வாக்குவாதமும் அங்கேயே வந்து முடிந்தது. "நான் பாக்காட்டி அண்டைக்கு அப்பா செத்திருப்பார்." சோற்றைப் பற்றிக் கதைத்தாலும் அதுதான், துவாயைப் பற்றிக் கதைத்தாலும் அதுதான். உண்மையான ஒன்றை வைத்து ஒருவர் அடிக்கும்போது திருப்பி அடிக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது.

ஒரு வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணனின் போன்.

"அப்பா ஆத்துக்குள்ள நிக்கிறார். நடு ஆத்துக்குள்ள. நாடி இல்ல. சீனியும் காட்டுதில்ல. கதிரையில ஆளும் இல்ல. நீ எங்க நிக்கிறாய்? ஆரை நம்பி அவரை விட்டிட்டுப் போனாய்?"

எப்படி ஸ்கூட்டியில் ஏறினேன், எப்படிப் பெருந்தெருவைக் கடந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை முழுவதும் சனம். எனக்கு முன்னமே அண்ணன் ஊருக்கெல்லாம் போன் போட்டிருந்தார். எங்கள் சபையின் போதகர் நின்றார். பொலிசுக்கும் சொல்லியாயிற்றாம். இரண்டு தோணிகள் ஆற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தன. போன் கடைக்காரர் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, போனை உயர்த்திப் பிடித்து, "இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்!" என்று கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன்னுடைய வரைபடத்தை அவருக்கு அனுப்பியிருந்தார். நீலத் தண்ணீரில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் என்னுடைய அப்பாவாம்.

நான் சேற்றில் இருந்துவிட்டேன். யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

திடீரென்று போன் கடைக்காரர் கத்தினார்: "புள்ளி அசையுது! கரைக்கு வருது!"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். கரைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு தோணி. அதில் எங்கள் பக்கத்து வளவுக்காரர், வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். கரையில் ஏன் இவ்வளவு சனம் என்று அவருக்கும் விளங்கவில்லை. தோணி தரை தட்டுவதற்கு முன்னமே போன் கடைக்காரர் பாய்ந்து ஏறி, வலையைக் கிளறி, குறுக்குப் பலகைக்குக் கீழே கையை விட்டார். அப்பாவின் கைக்கடிகாரம். வாரோடு பலகையில் இறுக்கிக் கட்டியிருந்தது.

"கிழவனை என்னடா செஞ்சாய்?"

அந்த மனிதர் வாய் திறந்தார். பதில் வருவதற்கு முன் அறை விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வேறு கைகளும் சேர்ந்துகொண்டன. "எனக்குத் தெரியா, சத்தியமாத் தெரியா" என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தார்கள். "கைய எடுங்கடா! அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்ல!" என்று கத்திக்கொண்டு நான் தண்ணீருக்குள் இறங்கினேன். அப்பாவை இழந்தவள் புலம்புகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் என்னை இழுத்துக் கரையில் விட்டார்கள். அவருடைய மனைவி வேலிக்கு மேலால் பாய்ந்து வந்து அவரைக் கட்டிப் பிடித்தபிறகுதான் அடி நின்றது. பொலிஸ் வந்தது. விசாரிக்க வேண்டும் என்று, வாயில் இரத்தத்தோடு நின்ற மனிதரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.

ஜீப் போய்க் கொஞ்ச நேரத்தில் அப்பா ஒழுங்கையால் வந்தார். பொல்லை ஊன்றி, மெதுவாக. முடி வெட்டி, முகம் வழித்து, கழுத்தெல்லாம் பவுடர். சலூனிலிருந்து வருகிறார். சனத்தைப் பார்த்து நின்றார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

போன் கடைக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்பா, கைக்கடிகாரம் எங்க?"

"நான்தான் தோணியில கட்டினன், விடியவே. போனையும் வீட்டிலயே விட்டிட்டுப் போனன். உன்ட அண்ணன் ஒரு நாளைக்கு ஆத்தைப் பாத்துக்கொண்டிருக்கட்டும் எண்டு. ஏன் புள்ள, என்ன?"

நான் சொன்னேன். சொல்லி முடிய அவர் ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். "ஓட்டோவைக் கூப்பிடு" என்றார்.

பொலிசில் அப்பா நின்றுகொண்டே கதைத்தார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. "அவரில ஒரு பிழையும் இல்ல. அவருக்குத் தெரியாமத்தான் கட்டினனான். அடைக்கிறதெண்டா என்னை அடையுங்க." அங்கிருந்த பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு, "ஐயா, வயசு போன காலத்தில இதென்ன விளையாட்டு?" என்றார். "விளையாட்டில்ல" என்றார் அப்பா. பக்கத்து வளவுக்காரரை விட்டார்கள். ஓட்டோவில் எங்களோடு ஏறச் சொல்லிக் கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் பஸ் ஹோல்ட்டை நோக்கி நடந்தார். உதடு வீங்கிப்போய் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு நானே எடுத்தேன்.

"கடவுளே, அப்பா இருக்கிறாரே, அது காணும்" என்றார்.

"காணாது. உங்கட கூட்டாளி ஒரு மனுசனை அடிச்சிருக்கிறான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? புள்ளி அங்கதானே நிண்டது. அப்பாட மூளை குழம்பிட்டு எண்டு நான் எத்தனை தரம் சொன்னனான்? நீதான் கேக்கயில்ல."

"அவர்ட மூளை நல்லா இருக்கு. அவருக்கு உங்களைத்தான் பிடிக்கயில்ல."

"நான் பாக்காட்டி அண்டைக்கு..." என்று அண்ணன் தொடங்கினார். போனை வைத்துவிட்டு, கதிரையைப் போட்டு ஏறி, கமராவை வயரோடு பிடுங்கினேன். சுவரில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. விறாந்தையிலிருந்ததையும் பிடுங்கினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் வந்தார். பிரச்சினையைத் தீர்க்க வந்தாராம். முதல் வேலையாக, சொக்லேட்டும் சட்டையும் போட்ட ஒரு பையோடு பக்கத்து வளவுக்குப் போனார். நான் வேலியடியில் நின்றேன். புருஷன் வெளியே வரவில்லை. அவள்தான் வந்தாள். அண்ணன் நீட்டிய பையை வாங்கவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி. மனசில வச்சிருக்காதீங்க" என்றார் அண்ணன்.

"ஆர் நீங்க?" என்று கேட்டாள் அவள். "எனக்கு ஆளைத் தெரியாதே."

அண்ணன் திண்டாடிப்போய்ப் பையைக் கேற்றில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அது எங்கள் கேற்றில் தொங்கியது.

அப்பாவோடு அவர் கதைத்துப் பார்த்தார். முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எல்லா அறையிலும் ஆள் வைத்துப் பார்ப்பார்களாம். அப்பா பத்திரிகையை இறக்காமலே, "நீ போய் இரு அங்க" என்றார். பிறகு மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அண்ணன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு விறாந்தையில் போய் இருந்து சாப்பிட்டார்.

புறப்படுகிற நாள் நான் என் போனை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"சீனி பாக்கிறது இதில வரவேணும். உங்கட போனில இருந்து எடுங்க."

"நீ பாக்க மாட்டாய்."

"நான் இந்த வீட்டில இருக்கிறன். நான் பாப்பன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டைக் கையை மடித்து, மேல்கையில் ஒட்டியிருந்த துண்டை என் பக்கம் நீட்டிக் காட்டினார். அண்ணன் முகம் கறுத்துப்போய், பத்து நிமிடம் போல இரண்டு போனையும் தட்டிக்கொண்டிருந்து, என்னுடையதைத் தள்ளிவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்தபோது அப்பா விறாந்தைக்கு வரவில்லை.

சீனித் துண்டு இன்னும் அப்பாவின் கையில் இருக்கிறது. கூடக்குறைய வந்தால் என் போன் கத்தும். வகுப்பில் கத்தினால் வெளியே வந்து அப்பாவுக்கு எடுப்பேன். அவர் எழும்பிப் போய்த் தானே பார்த்துக்கொள்வார். பக்கத்து வளவில் இருப்பவள் இப்போது என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். தேத்தண்ணி வருவதில்லை. அவளுடைய புருஷன் ஒழுங்கையில் அப்பாவைக் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவார். அப்பா ஒவ்வொரு தடவையும் நின்று, அவர் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். போன் கடைப் பக்கம் நான் போவதில்லை. போனுக்கு ரீலோட் போட வேண்டுமென்றாலும் அடுத்த ஊருக்குத்தான் போகிறேன்.

அண்ணன் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் கேட்பார்: "அப்பாட சீனி எவ்வளவு?" என் கையில் எண் இருக்கும். "நல்லா இருக்கிறார்" என்று மட்டும் எழுதி அனுப்புவேன்.