புள்ளியண்ணன் விட்ட புள்ளி

அச்சகத்தில் அவருக்குப் புள்ளியண்ணன் என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், சோற்றில் கல் கடித்ததுபோல் முகம் சுளிப்பார். மருந்துப் பெட்டியோ பிஸ்கட் உறையோ, அவர் கையெழுத்து விழாமல் அங்கே இயந்திரம் ஓடாது.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் கண் டாக்டர், “விழித்திரையில ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. சர்க்கரையைக் குறைக்கலைன்னா பார்வைக்கே ஆபத்து,” என்று சொல்லிவிட்டார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. கண்ணை எடுத்துவிட்டால் இந்த மனிதரிடம் என்ன மிச்சம்? பயந்துதான் போனார். ஆனால் உட்கார்ந்து புலம்புகிற ஆளில்லை. ஓட்ஸிலுள்ள நார்ச்சத்து சர்க்கரையை ரத்தத்தில் மெதுவாக ஏறவிடும் என்று சர்க்கரை டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கே கடையில் நுழைந்து தேன் சுவை ஓட்ஸ் வாங்கினார். உறையில் ‘சர்க்கரை 2.6 கிராம்’ என்றிருந்தது. அது அவருடைய அச்சகத்திலேயே அடித்த உறை. தானே பார்த்துக் கையெழுத்துப் போட்டதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

மாத்திரையோடு தினமும் காலையில் ஒரு பெரிய கிண்ணம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி ஒன்பதரை!

“சில நாள் இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம்,” என்றாள் மனைவி. “உடம்புக்கு நல்லதுன்னு சொல்றது எதுங்க இவ்வளவு ருசியா இருந்திருக்கு?”

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அச்சகத்தில் பழைய கோப்பை இறக்கினார். கம்பெனி எழுதிக் கொடுத்த மூலத்தில் சர்க்கரை 26 கிராம். மெய்ப்பில் 2.6. அடியில் அவர் கையெழுத்து. தேதியைப் பார்த்தார். கண் மங்கத் தொடங்கிய மாதம். கண்ணாடி பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒருவரிடமும் மூச்சுவிடாமல் இருந்த மாதம். வெட்கத்தில் காது சுட்டது.

நேராக முதலாளி அறைக்குப் போனார். “தப்பு என்னோடது சார். கம்பெனிக்கு இப்பவே சொல்லணும்.”

“யாருமே கவனிக்கலையே, விடுங்கண்ணே. அடுத்த தடவை மாத்திக்கலாம்.”

“நான் கவனிச்சுட்டேனே! என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் இதை நம்பித் திங்கிறாங்களோ.” அவர் நகரவில்லை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். பேசி முடித்ததும் புள்ளியண்ணன் இன்னொன்றும் சொன்னார். “என் கண்ணு தேறுற வரைக்கும், நான் பார்த்ததை வேற ஒருத்தர் இன்னொரு தடவை பார்க்கட்டும்.”

அதற்குப் பிறகு வீட்டில் சுவை சேர்க்காத வெறும் ஓட்ஸ்தான். தண்ணீரில் வேகவைத்து, காய்கறி போட்டு, அளவாக ஒரே ஒரு கிண்ணம்.

“சுவரொட்டிக்குக் காய்ச்சுன பசை மாதிரி இருக்குடி.”

“அந்தப் பசைதான் சர்க்கரையை இழுத்துப் பிடிக்குதாம். டாக்டரம்மா சொன்னதை மறந்துட்டீங்களா? முழுங்குங்க.”

முழுங்கினார். ஒருநாள் விடாமல் முழுங்கினார். அச்சகத்துக்கு நடந்தே போனார். மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். மூன்று மாதத்தில் சராசரி ஏழரைக்கு இறங்கியது.

கண் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, கசிவு பரவவில்லை என்றார். பிறகு சுவரிலிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். போன தடவை அந்த வரி வெறும் புகையாகத்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்தவர், கடைசியில் நிறுத்தினார்.

“என்ன, தெரியலையா?”

“தெரியுது டாக்டர். இந்த எழுத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கே, அது மூலத்துலயே உண்டா?”

டாக்டர் எழுந்து போய்ப் பலகையருகே குனிந்து பார்த்தார். மைத்துளி. நகத்தால் சுரண்டினார், வந்துவிட்டது.

“இப்பச் சரி,” என்றார் புள்ளியண்ணன்.