மஞ்சளில் நனைத்த காட்டுப் பயணம்

ஓசூர் தாலுகா அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் எனக்கு ஓர் ஆசை: மார்கழிப் பனியில், முதுகில் மூட்டையோடு, தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குள் இரண்டு நாள் நடக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம் அதற்கு வேளை கூடியது. விடுப்பு கிடைத்தது, ரேஞ்சர் காட்டு பங்களாவில் தங்க அனுமதி தந்தார், மனைவியின் தம்பி கூட வரச் சம்மதித்தான். மனைவி மட்டும் சம்மதிக்கவில்லை. எனக்கு நாற்பத்தைந்து வயது. குளிர் வந்தால் மூச்சிளைப்பும் வரும்.

"மொதல்ல அந்த மூட்டையோட ஏரிய ஒரு சுத்து சுத்தி வாங்க. இளைக்காம வந்தா காட்டப் பத்திப் பேசலாம்," என்றாள்.

நியாயமான நிபந்தனை. பாதுகாப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கோணியில் நாடா வைத்துத் தைத்த முதுகுப் பைகள், கம்பளி, ராகி மாவு, வெல்லம், மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, யானை வந்தால் தட்டுவதற்கு ஒரு காலி டின். தாடையில் குளிர் ஏறாதிருக்க இருவரும் சவரத்தை நிறுத்தியிருந்தோம். பனிமூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்துவிடக் கூடாதென்று வேட்டி, துண்டு எல்லாவற்றையும் மஞ்சளில் நனைத்து உலர்த்தினேன். இந்தக் கடைசி யோசனையில் எனக்குத் தனிப் பெருமை.

ஒத்திகைக்கு விடியற்காலையில் கிளம்பினோம். தெருமுனை திரும்புவதற்குள் எண்ணெய்க்கடை அம்மாள் ஓடிவந்து எங்கள் காலில் விழுந்தாள்.

"கோவிந்தா! திருப்பதிக்கு நடந்தே கெளம்பிட்டீங்களா சாமி? ஒரு வார்த்த சொல்லலியே!"

"இல்லம்மா, சும்மா ஏரிய சுத்திட்டு வரோம்."

"வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைக்கிறீங்க. எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையை எடுத்து வந்தாள். மகளுக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது முடிந்து வைத்ததாம். கொண்டுபோக ஆளில்லாமல் சாமி படத்தடியிலேயே கிடந்ததாம். என் கையில் வைத்துவிட்டு அழுதாள். அழுகிறவளிடம் யானை டின்னைக் காட்டி என்ன விளக்குவது? வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை வாங்கியபின் மற்றதை மறுக்க முடியவில்லை. ஏரிக்கரையில் தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், நல்ல தமிழில் மூன்று பேர், எல்லோரும் முடிப்போடு வந்தார்கள். ஒருவர் தேங்காய்களைப் பைக்குள்ளேயே திணித்தார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் போனா பெருமாளே வந்து முதுகுல ஏறிக்குவாரு," என்றான் மைத்துனன்.

ஆனாலும் இளைக்காமல் சுற்றி முடித்தேன். வீட்டு வாசலில் வெற்றியோடு நின்று, "மூச்சப் பாத்தியா?" என்றேன்.

மனைவி மூச்சைப் பார்க்கவில்லை, முடிப்புகளைப் பார்த்தாள்.

"சாமி காணிக்கைய வாங்கி வெச்சிக்கிட்டுக் காட்டுக்கா போவீங்க?"

"அடுத்த வருஷம் திருப்பதி போய்க்கலாமே."

"வேட்டிய மஞ்சள்ல நனச்சது யாரு? நானா?"

இருந்தது ஒரே விடுப்பு. அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "என்ன சார், யானைக்குப் பயந்துட்டீங்களா?" என்று ரேஞ்சர் சிரித்தார்.

மனைவி, மைத்துனன், நான் மூவரும் கிருஷ்ணகிரி வழியாக பஸ் பிடித்துத் திருப்பதி போனோம். அடிவாரத்தில் மலைமேல் போக பஸ் தயாராக நின்றது. நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, "நடந்தே ஏறுவோம்," என்றேன். படிகளின் இருபுறமும் காடு. பனி மரங்களை மூடியிருந்தது.

"அதான பாத்தேன்," என்றாள் மனைவி. ஆனால் தடுக்கவில்லை.

பாதி மலையில் இளைப்பு வந்தது. ஏரியில் வராததெல்லாம் சேர்த்து வந்தது. படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே அவளுடைய தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவள் என் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் மரங்களையே பார்த்தாள்.

"காடுன்னா இப்படித்தான் இருக்குமா? நல்லாத்தான் இருக்குது," என்றாள். "மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவா வாங்க."

சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போனாள்.